சீனாவிலிருந்து வரும் ஜூனியருக்கு ஜெர்மனியில் துணை நிற்பது எப்படி: முதல் செமஸ்டர் வழிகாட்டி

ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், செமஸ்டர் தொடங்கச் சில வாரங்களுக்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர் ஒருவருக்குத் துணை மாணவராக இருக்க விருப்பமா என்று கேட்டிருப்பார்கள். பெயர் கொடுத்தால் யாரோ ஒருவரோடு உங்களைச் சேர்த்துவிடுவார்கள். 2022-23 குளிர்கால செமஸ்டரில் இந்தியா முந்தும்வரை இங்கே வெளிநாட்டு மாணவர்களில் அதிகம் பேர் சீனர்கள்தான். அதனால் உங்களுக்கு அமைபவர் சீன மாணவராக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

எனக்கும் அப்படித்தான் அமைந்தது. அலுவலகம் கொடுத்த குறிப்பில் ஸ்டேஷனில் வரவேற்பது, ஊர் சுற்றிக் காட்டுவது, காபி குடிப்பது என்று இருந்தது. நடைமுறையில் காபிக்கு நேரமே இல்லை. காகிதங்கள், கெடு தேதிகள், தபால் என்று அலைந்துதான் ஒவ்வொன்றையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் அந்த அலைச்சல் படாமல் இருக்க இதை எழுதுகிறேன். ஜெர்மனியில் படிக்கிற தமிழ் மாணவர்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரிந்திருக்கும். மறுபாதி சீன மாணவர்களுக்கே உரிய சிக்கல்கள்.

இறங்குவதற்கு முன் ஒரு விஷயம். சீனப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவுடன் விடுதி அறை, வகுப்புக் குழு, வகுப்புத் தலைவர், மாணவர்களைக் கவனிக்கவே ஓர் ஆலோசகர் எல்லாம் கிடைத்துவிடும். பரீட்சைக்குப் பெயர் கொடு, இந்தப் படிவத்தை நிரப்பு, நாளைக்குக் கடைசி நாள் என்று எல்லா அறிவிப்பும் வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியின் குழுவில் தானாக வந்து விழும். ஜெர்மனியில் யாரும் எதையும் நினைவூட்ட மாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் கெடு கடந்துவிடும். உங்கள் ஜூனியர் சோம்பேறியோ கூச்ச சுபாவமோ அல்ல. அறிவிப்பு வரும் என்று காத்திருப்பார், அவ்வளவுதான். எல்லாவற்றையும் நீங்களே செய்து கொடுத்தால் அடுத்த செமஸ்டரிலும் காத்திருப்பார். பக்கத்தில் உட்காருங்கள், படிவத்தை அவர் கையால் நிரப்பட்டும்.

1. விமானம் ஏறுவதற்கு முன்பே தொடர்பு கொள்ளுங்கள்

வாட்ஸ்அப்பும் ஜிமெயிலும் சீனாவுக்குள் இயங்காது. வீசாட் கணக்கு ஒன்று தொடங்குங்கள். புதுக் கணக்குக்குச் சில சமயம் ஏற்கனவே வைத்திருக்கும் ஒருவர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். உங்கள் துறையில் உள்ள சீன நண்பர் யாரையாவது கேளுங்கள், உடனே செய்து தருவார்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அங்கே அன்றாடப் பேச்சுக்கு மின்னஞ்சல் பார்க்கும் பழக்கம் குறைவு. நேரம் கோடைக் காலத்தில் நம்மைவிட 6 மணி, குளிர்காலத்தில் 7 மணி முன்னால் ஓடும். இங்கே சாயங்காலம் ஆகும்போது அங்கே நள்ளிரவு, ஆகவே மதியத்துக்குள் பேசிவிடுங்கள்.

முதல் பேச்சில் நான்கு கேள்விகள் போதும். எந்தத் தேதியில் வருகிறீர்கள்? தங்க இடம் இருக்கிறதா? மருத்துவக் காப்பீடு எந்த நிறுவனம்? ஷ்பெர்கோன்டோ, அதாவது செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைத்து மாதாமாதம் எடுக்கும் பிளாக்டு அக்கவுண்ட், திறந்தாயிற்றா?

அப்புறம் காகிதங்கள். கையில், அதாவது கேபின் பையில், மூலப் பிரதிகளாக இருக்க வேண்டியவை: விசா ஒட்டிய பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், ஏபிஎஸ் சான்றிதழ் (கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தருவது), மதிப்பெண் பட்டியல், பிளாக்டு அக்கவுண்ட் உறுதிக் கடிதம், காப்பீட்டுக் கடிதம், மொழித் தேர்வுச் சான்றிதழ். ஏபிஎஸ் நமக்கு 2022-இல்தான் வந்தது, அவர்களுக்கு 2001-இலிருந்தே இருக்கிறது. எனவே அதில் உங்களைவிட அவர் தெளிவாக இருப்பார்.

இங்கே ஒரு பொறி. சீனாவில் பட்டம் முடித்தால் இரண்டு தனித்தனிச் சான்றிதழ்கள் தருவார்கள். ஒன்று படிப்பை முடித்ததற்கு, இன்னொன்று பட்டம் பெற்றதற்கு. முதுகலைக்கு வருபவரிடம் இரண்டையும், இரண்டின் மொழிபெயர்ப்பையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்றை வீட்டில் விட்டுவிட்டு வந்தால், பதிவு செய்யும் அலுவலகம் அதைக் கேட்கும்போது செமஸ்டர் பாதியில் தபாலில் வரவழைக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு பொறி பெயர். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும், படிவத்தில் மாற்றி எழுதிவிடுவார்கள். இரண்டு அசை உள்ள சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் சேர்ந்திருக்கும், பழைய சான்றிதழில் பிரிந்திருக்கும். ல்யூ என்ற குடும்பப் பெயருக்குப் பாஸ்போர்ட்டில் எல்-ஒய்-யூ என்றும், சான்றிதழ்களில் எல்-வி அல்லது எல்-யூ என்றும் இருப்பது சாதாரணம். இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இந்தத் தலைவலி புரியும். தீர்வும் நமக்குச் சொன்னதேதான்: இங்கே எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் எழுதுவது. கெவின், லூசி என்று ஆங்கிலப் பெயர் வைத்திருந்தால் அது நண்பர்களோடு நிற்கட்டும்.

சீன சிம் கார்டை ரத்து செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். வங்கி, பணம் கட்டும் செயலியான அலிபே, வீசாட் எல்லாவற்றின் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். எண்ணை உயிரோடு வைக்க மட்டுமே மாதம் சில யுவானில் திட்டங்கள் உண்டு. கிளம்புவதற்கு முன் அதற்கு மாற்றி, ரோமிங்கையும் திறந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

பெட்டியில் என்ன வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுவரத் தடை. அம்மா கட்டிக் கொடுத்த உலர் இறைச்சியும் சாசேஜும் விமான நிலையத்திலேயே பறிபோகும். 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கம் இருந்தால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அரிசி குக்கர் கொண்டுவரலாம், 220 வோல்ட் இங்கே ஓடும், பிளக்குக்கு அடாப்டர் மட்டும் தேவை.

2. அறை: எல்லாக் காகிதத்துக்கும் இதுதான் முதல் கண்ணி

மாணவர் நலச் சேவை அமைப்பான ஸ்டுடியரெண்டன்வெர்க்கின் விடுதிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பெரிய ஊர்களில் காத்திருப்புப் பட்டியல் ஒரு செமஸ்டருக்கு மேல் நீளும். அது கிடைக்காவிட்டால் பங்கு வீடு, அதாவது வேகே.

சீன மாணவர்கள் பெரும்பாலும் வீசாட் குழுக்களில் ஒருவர் விட்டுப் போகும் அறையை இன்னொருவர் எடுத்துக்கொள்வார்கள். தப்பில்லை. ஆனால் பணம் அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: வோனுங்ஸ்கேபர்பெஷ்டெட்டிகுங் தருவீர்களா? வாயில் நுழையாத இந்தப் பெயர், இவர் என் வீட்டில் குடிவந்துவிட்டார் என்று வீட்டுக்காரர் எழுதித் தரும் ஒரு பக்கக் கடிதம். அது இல்லாமல் முகவரிப் பதிவு நடக்காது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுபவரால் அதைத் தர முடியாது. தர மாட்டேன் என்றால் வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அறையை யாரும் நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவியைத் தபாலில் அனுப்புவார் என்ற கதை வந்தால் அது மோசடி. நீங்கள் போய்ப் பார்த்து வீடியோ எடுத்து அனுப்புங்கள். துணை மாணவராக நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான் என்பேன்.

முன்பணம், அதாவது காவுட்சியோன், சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதை மூன்று மாதத் தவணைகளில் கட்டவும் வாடகைக்காரருக்கு உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாது, கேட்டால்தான் கிடைக்கும். குடியேறும் நாளில் சுவர், தரை, சன்னல் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

3. முதல் இரண்டு வாரம்: முகவரிப் பதிவு

குடியேறிய 2 வாரத்துக்குள் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்ய வேண்டும் என்பது சட்டம். நிஜத்தில் பெரிய ஊர்களில் அப்பாயின்ட்மென்ட்டே அதற்குள் கிடைக்காது. அதனால் அறை உறுதியானவுடனே, அவர் வருவதற்கு முன்பே, தேதி பதிவு செய்துவிடுங்கள். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் இணையதளத்தைப் பார்த்தால் ரத்தான இடங்கள் தெரியும். தேதி தள்ளிப்போனால் பதிவு உறுதி மின்னஞ்சலை வைத்திருங்கள்.

கொண்டுபோக வேண்டியவை பாஸ்போர்ட், வீட்டுக்காரர் கடிதம், நிரப்பிய படிவம். கட்டணம் பெரும்பாலான ஊர்களில் கிடையாது. படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று குறித்தால், பிற்பாடு வருமான வரி கட்டத் தொடங்கும்போது அந்த வரியில் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரியாகக் கூடுதலாகப் பிடிப்பார்கள். அர்த்தம் புரிந்து நிரப்பட்டும்.

பதிவு முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் வரி அடையாள எண் தபாலில் வரும். பகுதி நேர வேலைக்கு அது கட்டாயம். அப்புறம் இன்னொரு கடிதமும் வரும், வானொலித் தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு. மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவியே இல்லை என்றாலும் உண்டு. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம் என்பதால் பங்கு வீட்டில் யாராவது ஏற்கனவே கட்டினால் அவர் எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பினால் போதும். பொது நடையில் வரிசையாக இருக்கும் விடுதி அறை என்றால் ஒவ்வோர் அறையும் தனிக் கணக்கு. விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள், பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

4. தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், வரி எண், காப்பீட்டு அட்டை, வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம் எல்லாம் தபாலில்தான் வரும். சீனாவில் முக்கியமான எதுவும் தபால் பெட்டிக்கு வந்து அவர் பார்த்திருக்க மாட்டார், அதனால் பெட்டியைத் திறக்கும் பழக்கமே இருக்காது.

சாவி வாங்கிய அன்றே, பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரை எழுதி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வாங், லீ போன்ற பெயர்கள் அந்தக் கட்டடத்திலேயே பலருக்கு இருக்கும், சொந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். வாரம் இரண்டு முறையாவது பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். மஞ்சள் உறையில் அதிகாரபூர்வக் கடிதம் வந்தால் அன்றைக்கே பிரித்துப் படிக்க வேண்டும். உறை மேல் எழுதியிருக்கும் தேதியிலிருந்து கெடு ஓட ஆரம்பித்துவிடும், உறையையும் எறியக் கூடாது.

5. பணம்: முதல் மாதக் கணக்கு

பிளாக்டு அக்கவுண்ட்டில் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதம் 992 யூரோ வீதம் கையில் கிடைக்கும். ஆனால் அது இறங்கிய அன்றே கிடைக்காது. முதலில் இங்கே சாதாரண வங்கிக் கணக்கு திறக்க வேண்டும், பிறகு பிளாக்டு அக்கவுண்ட்டை இயக்க வேண்டும். அதற்குள் சில வாரம் ஓடிவிடும். அந்த இடைவெளிக்குத் தனியாகப் பணம் வேண்டும்.

எவ்வளவு? 400 யூரோ வாடகை அறை என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வாடகை 400, முன்பணம் இரண்டு மாதம் என்றால் 800, காப்பீடு சுமார் 150, போர்வை தலையணை பாத்திரம் 150, சாப்பாடு 250, குடியிருப்பு அனுமதி 100, செமஸ்டர் பங்களிப்பு இன்னும் கட்டாவிட்டால் பல இடங்களில் 150 முதல் 400 வரை. ஆக 2,000 யூரோவுக்குக் குறையாமல் கைக்கெட்டும்படி இருக்க வேண்டும். பாடன்-வுயர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணமும் உண்டு. ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சீன வங்கிகள் தரும் யூனியன்பே அட்டையை மட்டும் நம்பி வரக் கூடாது, பல கடைகளில் வாங்க மாட்டார்கள். வீசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்றும், சில நூறு யூரோ ரொக்கமும் வேண்டும். சின்ன பேக்கரியிலும் உணவகத்திலும் இன்றும் ரொக்கம்தான் கேட்பார்கள். கைபேசியைக் காட்டியே வாழ்ந்தவருக்கு இது பெரிய அதிர்ச்சி. எந்த வங்கியும் கணக்கு திறக்க மறுத்தால், அடிப்படைக் கணக்கு, அதாவது பாஸிஸ்கோன்டோ, கேட்கச் சட்டப்படி உரிமை இருக்கிறது.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. சீனக் குடிமகன் ஓர் ஆண்டில் 50,000 டாலர் மதிப்புக்குத்தான் அந்நியச் செலாவணி வாங்க முடியும். அதைத் தாண்டவோ, வங்கிக் கட்டணத்தை மிச்சப்படுத்தவோ வீசாட் குழுக்களில் தனியார் பணமாற்று நடக்கும். நீ எனக்கு யுவான் அனுப்பு, நான் உனக்கு யூரோ போடுகிறேன் என்பார்கள். வந்து விழும் யூரோ யாரிடமாவது ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்தால் வங்கி கணக்கை முடக்கும், பணச் சலவை வழக்கில் போலீஸ் கடிதம் வரும். விசா புதுப்பிப்பு நேரத்தில் அது தலையில் இடியாக விழும். எல்லோரும்தான் செய்கிறார்கள் என்று உங்கள் ஜூனியர் சொல்வார். சிரித்துக்கொண்டே விட்டுவிடாதீர்கள், கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

6. குடியிருப்பு அனுமதி

நுழைவு விசா பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான். அது முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். முகவரிப் பதிவு முடிந்த அதே வாரத்தில் விண்ணப்பியுங்கள். பல ஊர்களில் பதில் வரவே மாதங்கள் ஆகின்றன.

தேவை: பாஸ்போர்ட், முகவரிப் பதிவுச் சான்று, மாணவர் சேர்க்கைச் சான்று, காப்பீட்டுச் சான்று, பிளாக்டு அக்கவுண்ட் அல்லது உதவித்தொகைக் கடிதம், வாடகை ஒப்பந்தம், பயோமெட்ரிக் படம். படத்தைப் பொறுத்தவரை 2025 மே முதல் டிஜிட்டல் முறைக்கு மாறிவிட்டார்கள். அச்சிட்டுக் கொண்டுபோவதற்கு முன் அந்த ஊர் அலுவலகத்தின் பக்கத்தைப் பாருங்கள். கட்டணம் 100 யூரோ. அட்டை அச்சாகி வர மேலும் சில வாரம் பிடிக்கும்.

விசா முடிவதற்கு முன் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை தங்கியிருப்பது சட்டப்படி சரிதான். அதற்குச் சான்றாக ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தாள் தருவார்கள். இங்கே கவனம். அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஊருக்குப் போய்த் திரும்பி வர முடியுமா என்பது. வசந்த விழாவுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு, டிக்கெட் போடுவதற்கு முன் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் அனுப்பிய மின்னஞ்சலையும் வந்த தானியங்கிப் பதிலையும் பத்திரப்படுத்த வேண்டும்.

வேலை பார்க்க ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி உண்டு. சீன அரசு உதவித்தொகையில் வந்தவருக்குத் தனி நிபந்தனைகள் இருக்கும். தூதரகத்தின் கல்விப் பிரிவில் வந்ததைப் பதிவு செய்வது, பேராசிரியர் கையெழுத்திட்ட அறிக்கை அனுப்புவது போன்றவை. அவற்றின் தேதிகளையும் அதே நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள்.

7. உடம்பு சரியில்லை என்றால்

சீனாவில் காய்ச்சல் வந்தாலும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கி டாக்டரைப் பார்ப்பார்கள், டிரிப்ஸ் ஏற்றிக்கொள்வதும் சகஜம். இங்கே அவசரப் பிரிவுக்குச் சளியோடு போனால் மணிக்கணக்கில் உட்கார வைத்துத் தேநீர் குடிக்கச் சொல்லி அனுப்புவார்கள். நம் ஊர்க்காரர்களுக்கும் இதே ஏமாற்றம்தான். வந்த மாதமே வீட்டுக்கு அருகில் ஒரு குடும்ப மருத்துவரைத் தேடிப் பதிவு செய்துகொள்ளட்டும். இரவிலும் வார இறுதியிலும் அவசரமில்லாத நோய்க்கு 116117, உயிர் ஆபத்து என்றால் 112. இரண்டும் காசில்லாத எண்கள்.

30 வயதுக்குள் இருந்தால் அரசுக் காப்பீட்டின் மாணவர் கட்டணம் கிடைக்கும், மாதம் சுமார் 150 யூரோ. அதைத் தாண்டியவருக்குக் கணக்கே வேறு, சேருவதற்கு முன் கேட்டுவிட வேண்டும். விசாவுக்காக வாங்கிய மலிவான பயணக் காப்பீட்டைக் காட்டிப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய முடியாது. காப்பீட்டு நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் தகவல் அனுப்ப வேண்டும். அனுப்பச் சொல்லி ஒரு வரி எழுதினால் போதும், எழுதாவிட்டால் பதிவு நிற்கும்.

8. வகுப்பும் பரீட்சையும்

பல்கலைக்கழகத் தளத்தில் பாடத்துக்குப் பெயர் கொடுப்பது ஒன்று, பரீட்சைக்குப் பெயர் கொடுப்பது வேறொன்று. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வகுப்புக்குத் தவறாமல் போய், வீட்டுப்பாடமும் கொடுத்து, பரீட்சை நாளில் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பியவர்கள் உண்டு. பதிவுக் கெடு சில துறைகளில் நவம்பரிலேயே முடிந்துவிடும். முதல் வாரத்திலேயே தேதியைக் கண்டுபிடித்து அவர் கைபேசியில் அலாரம் வைக்கச் செய்யுங்கள்.

பெரும்பாலான பாடத்திட்டங்களில் ஒரு பரீட்சையை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கம், ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பில் சேர முடியாது. தயாராக இல்லையென்றால் கெடுவுக்குள் விலகிக்கொள்வது அவமானம் இல்லை. பரீட்சை அன்று நோய் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் சான்று வாங்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் தங்கள் படிவத்தில்தான் கையெழுத்து கேட்கும்.

மதிப்பெண் முறையை ஒரு தடவை கணக்குப் போட்டுக் காட்டுங்கள். இங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி. சீனாவில் 100-க்கு 60 தேர்ச்சி. வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றும் பவேரியச் சூத்திரத்தின்படி 85 வாங்கியவருக்கு 1 + 3 × (100 − 85) ÷ (100 − 60), அதாவது சுமார் 2.1. ஊரில் நல்ல மாணவர் என்று பெயரெடுத்தவர் அதைப் பார்த்துச் சோர்ந்துபோவார். 2.1 இங்கே நல்ல மதிப்பெண்தான்.

வகுப்பில் பேசாமல் இருப்பதை ஆர்வமின்மை என்று ஜெர்மன் சகமாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பேசு பேசு என்று தள்ளாதீர்கள். வகுப்புக்கு முன் ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள், அதை மட்டும் கேட்டால் போதும். பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போவது இன்னும் எளிது. முதல் முறை கூடப் போய் வாசலில் நில்லுங்கள், உள்ளே போகாதீர்கள்.

கட்டுரை எழுதும்போது சீன நூலிலிருந்து மொழிபெயர்த்து எடுத்ததற்கும் மூலம் குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் திருட்டுதான். ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும், கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

ஒரு சின்ன விஷயம். நீங்கள் விளக்கும்போது சரி சரி என்பார். அது புரிந்தது என்பதாகவும் இருக்கலாம், உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம். புரிந்ததா என்று கேட்காமல், நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேளுங்கள். நம் பக்கமும் ஒரு குறை உண்டு. நாம் ஆமாம் என்று தலையை ஆட்டுவது அவருக்கு இல்லை என்று தெரியும். வாயைத் திறந்து சொல்லுங்கள், முக்கியமானதை எழுதி அனுப்புங்கள். மொழிபெயர்ப்புச் செயலி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

9. வீடும் சமையலும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. குப்பையைத் தாள், பிளாஸ்டிக், உணவு, மீதி என்று பிரிக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலையும் கேனையும் கடையில் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் 25 சென்ட் கிடைக்கும். அதிகச் சூட்டில் வாணலியில் வதக்கினால் புகை எச்சரிக்கை மணி அலறும், நம் தாளிப்புக்கும் அதேதான், சன்னலைத் திறந்துவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். சுடுதண்ணீர்க் கெட்டில் ஒன்று முதல் நாளே வாங்கிக் கொடுத்தால் மனிதர் பாதி ஊருக்குப் போன மாதிரி மகிழ்வார்.

10. தனிமை, மிரட்டல் அழைப்பு, தெருவில் கிண்டல்

சீனத் தூதரகத்திலிருந்து பேசுகிறேன், ஷாங்காய் போலீஸ், கூரியர் நிறுவனம் என்று சீன மொழியில் அழைப்பு வரும். உன் பெயரில் வந்த பார்சலில் சட்டவிரோதப் பொருள், நீ குற்றவாளிப் பட்டியலில் இருக்கிறாய், யாரிடமும் சொல்லாதே, பணம் கட்டு என்பார்கள். பல நாடுகளில் சீன மாணவர்களைக் குறிவைத்து நடக்கும் மோசடி இது. திரையில் தெரியும் எண் உண்மையான தூதரக எண்ணாகவே தோன்றும்படி செய்ய முடியும். சில மாணவர்களை அறையைப் பூட்டிக்கொண்டு, கடத்தப்பட்டதாகப் பெற்றோரை நம்பவைக்கும் அளவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வந்த முதல் வாரமே இதைச் சொல்லிவிடுங்கள். தூதரகமோ போலீஸோ போனில் பணம் கேட்காது. யாரிடமும் சொல்லாதே என்று ஒருவர் சொன்னால் உடனே வைத்துவிட்டு உங்களை அழைக்க வேண்டும், பணம் போயிருந்தால் ஜெர்மன் போலீஸ் எண் 110.

தெருவில் நீ ஹாவ் (சீன மொழியில் வணக்கம்) என்று கிண்டல், கண்ணை இழுத்துக் காட்டுவது எல்லாம் நடக்கும். பெரிது பண்ணாதே என்று சொல்லாதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலகம் இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள்.

அரசியல் பேச்சை நீங்களாகத் தொடங்க வேண்டாம். யார் கேட்கிறார்கள், எங்கே போய்ச் சேரும் என்ற பயம் சிலருக்கு உண்மையாகவே இருக்கும். தைவான், ஹாங்காங், மலேசியாவிலிருந்து வந்தவரைச் சீனாவா என்று முடிவுகட்டாமல் எந்த ஊர் என்று கேளுங்கள்.

மனம் மிகவும் சோர்ந்திருந்தால் ஸ்டுடியரெண்டன்வெர்க்கின் உளவியல் ஆலோசனை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும். காத்திருப்பு உண்டு, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இரவில் பேச யாரும் இல்லையென்றால் டெலிஃபோன்சீல்சோர்கெ என்ற தொலைபேசி ஆறுதல் சேவை, 0800 111 0 111, எந்நேரமும் காசில்லாமல், முக்கியமாக ஜெர்மன் மொழியில். சீன வசந்த விழா ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும், இங்கே சரியாகப் பரீட்சைக் காலம். ஊரில் எல்லோரும் கூடியிருக்க இவர் மட்டும் நூலகத்தில் இருப்பார். அன்றைக்கு ஒரு வேளை சேர்ந்து சமையுங்கள். வீசாட்டில் குழு அனுப்பும் வாழ்த்துப் படங்கள் மட்டும் போதாது.

11. ஜனவரியில் ஒரு வேலை

அடுத்த செமஸ்டருக்கு மறுபதிவு, அதாவது ர்யுக்மெல்டுங், தானாக நடக்காது. செமஸ்டர் பங்களிப்பைக் கெடுவுக்குள் கட்டினால்தான் நடக்கும். கோடை செமஸ்டருக்கான கெடு பல இடங்களில் ஜனவரி, பிப்ரவரியில் முடியும், பரீட்சைப் பரபரப்பில் எல்லோரும் மறக்கிற நேரம். தவறினால் தாமதக் கட்டணம், அதையும் தவறினால் பெயர் நீக்கம், பெயர் நீங்கினால் குடியிருப்பு அனுமதியும் ஆடும். பணம் அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் பல்கலைக்கழகம் கொடுத்த எண்ணை அப்படியே போட வேண்டும், இல்லாவிட்டால் யார் பணம் என்று தெரியாமல் கிடக்கும். கட்டி ஒரு வாரத்துக்குள் தளத்தில் நிலை மாறியிருக்கிறதா என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மாறாவிட்டால் மாணவர் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும், அதையும் அவரே எழுதட்டும்.